ஒரு அண்டாவுக்கு மூன்று லேபிள்

என் பெயரைச் சொல்ல மாட்டேன். பிகு செய்வதற்காக இல்லை. எங்கள் நாட்டில் பெயரைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் சின்னதாக ஒரு அசைவு தெரியும். ‘ஓ, இவள் அந்தப் பக்கமா’ என்று உள்ளே ஒரு முத்திரை விழுந்துவிடும். அப்புறம் நான் நெவென்காவைப் பற்றி என்ன சொன்னாலும் அது அந்தப் பக்கத்துப் பேச்சாகத்தான் காதில் விழும். அதனால், பொஸ்னியாவில் பிர்ச்கோ என்கிற ஊரில் ஓர் அச்சகத்தின் முன்மேசையில் உட்கார்ந்து ஆர்டர் வாங்குகிறவள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

நெவென்கா அதே அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லேபிளும் அட்டைப்பெட்டியும் வடிவமைக்கிறவள். அறுபதை நெருங்குகிறாள். நெவென் என்பது ஒரு பூ. அவள் அம்மா முஸ்லிம், அப்பா கத்தோலிக்கக் குரோவாசியர். எந்தப் பக்கத்துக்காரரும் சண்டைக்கு வராத பெயராக இருக்கட்டும் என்று பூவின் பெயரை வைத்தார்கள். அவளோ வளர்ந்து ஆர்த்தடாக்ஸ் செர்பியர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். யுகோஸ்லாவியா இருந்த காலத்தில் இதெல்லாம் ஒரு பேச்சே இல்லை. அது உடைந்த பிறகு இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

இளம் வயதில் அவள் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இருந்தாள். மலையிலிருந்து கடல்வரை நாடு முழுவதும் ஒரே பெட்டி, அவள் வரைந்த பெட்டி. அப்புறம் நாடு போயிற்று, பிஸ்கட்டும் போயிற்று. சண்டை ஓய்ந்து எங்கள் அச்சகத்துக்கு வந்தாள். இங்கே பெரும்பாலும் மரண அறிவிப்புகள்தான் வேலை. விளக்குக் கம்பத்தில் ஒட்டுவார்களே, அதுதான். முஸ்லிம் என்றால் பச்சைக் கரையும் பிறையும், கிறிஸ்தவர் என்றால் கறுப்புக் கரையும் சிலுவையும். செத்தவர் யாரென்று படிக்கும் முன்பே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கணவர் இறந்தபோது அவருடைய அறிவிப்பையும் அவளே செய்தாள். கறுப்புக் கரை போட்டாள், சிலுவை போட்டாள், மாமனார் வீட்டார் கேட்டபடி செர்பியர்கள் எழுதும் சிரிலிக் எழுத்தில் அடித்தாள். முடித்துவிட்டு என்னிடம் வந்து, “இதுல நான் எங்க இருக்கேன், சொல்லு” என்றாள். காபி போட்டுக் கொடுத்தேன்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து வடிவமைப்பைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஊரில் வடிவமைப்பு என்றால் எதைப் போடக்கூடாது என்று தெரிந்திருப்பது. லில்லிப் பூ கூடாது, அது முஸ்லிம்களின் பழைய கொடியில் இருந்தது. சிலுவை கூடாது, பிறை கூடாது. பச்சை கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. கார் நம்பர் பலகையில்கூட லத்தீன், சிரிலிக் என்ற இரண்டு எழுத்து முறைகளிலும் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டார்கள், வண்டி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தெரிந்து யாரும் கல் எறியாமல் இருக்க. நாட்டுக் கொடியே அப்படி வந்ததுதான். நீலம், மஞ்சள், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட நட்சத்திரங்கள். யாருக்கும் அதன் மேல் கோபம் இல்லை, ஏனென்றால் யாருக்கும் அதன் மேல் ஆசை இல்லை. ஜாம் பாட்டிலின் பின்பக்கத்தில் ‘குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று மூன்று தரம் போடுவோம், மூன்று பக்கத்துக்கும் மூன்று மொழியாம். அதில் இரண்டு வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். மூன்றாவது அதே வரி, சிரிலிக்கில். இதைத் தினமும் தட்டித் தட்டி நெவென்காவின் தோள் இறங்கிப் போய்விட்டது.

ஓர் இடத்தில் மட்டும் அவள் நிமிர்ந்து நிற்பாள். ஊருக்கு வெளியே மாந்தாவின் முற்றம். மாந்தா குரோவாசியக்காரி, பெரிய உடம்பு, பெரிய குரல். பக்கத்துக் கிராமத்து ஹஸ்னியா முஸ்லிம். ஆற்றங்கரைச் சாலையில் இருக்கும் ஸ்தோயா செர்பியக்காரி. மூவருக்கும் பிளம்ஸ் மரங்கள் இருந்தன, மூவருக்கும் பிள்ளைகள் ஜெர்மனியில் இருந்தார்கள். செப்டம்பரில் பழம் தரையில் விழுந்து அழுகுவதைப் பார்க்கப் பொறுக்காமல் மாந்தாவின் முற்றத்தில் ஒரு பெரிய செப்பு அண்டாவை ஏற்றி ஒன்றாக ஜாம் கிண்ட ஆரம்பித்தார்கள். சர்க்கரை கிடையாது. பழம் மட்டும், விடியலிலிருந்து அந்தி வரை. துடுப்பை ஒரு நிமிடம் நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும், அதனால் கை மாற்றி மாற்றிக் கிண்ட ஆள் வேண்டும். அப்படி நாலாவது கையாகப் போனவள்தான் நெவென்கா. சனி ஞாயிறு என்றால் அங்கேதான் இருப்பாள்.

“அங்க போனா என்னை யாரும் எந்தப் பக்கம்னு கேக்கறதில்ல” என்பாள். “கை வலிக்குதான்னு மட்டும் கேப்பாங்க.”

அந்த அண்டா ஒன்றாக இருக்க வேண்டும். அவளுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். எனக்கு அது அப்போதே தெரியும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே அவள் முகம் மாறிவிடும்.

சந்தையில் துணி விரித்து விற்றதில் விறகுச் செலவுக்குக்கூடக் கட்டவில்லை. கிண்டுவதை நிறுத்திவிடலாமா என்று பேச்சு வந்தது. அப்போதுதான் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் கொள்முதல்காரர் வந்து ருசி பார்த்தார். மூன்று பக்கத்தாரின் ஊர்களிலும் அவர்களுக்குக் கடை உண்டு. ஜாம் பிடித்துவிட்டது. லேபிள் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

நெவென்கா அந்த லேபிளுக்காகச் செய்த பாடு இருக்கிறதே! இருபது வருடத்தில் அவள் அப்படி ஆசையாக எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு பிளம்ஸ் கொத்து, கையால் வரைந்தது. மூடிக்கு மேலே சின்னதாக ஒரு துணி, நூல் கட்டி. துணி சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது. ஸ்தோயா வீட்டுச் சாப்பாட்டு மேசைத் துணியைப் பார்த்து எடுத்த கட்டம். அந்த முற்றத்தில் அண்டாவை இறக்கிவிட்டு, ஸ்தோயா எடுத்து வரும் அந்தத் துணி மேல் ரொட்டி வைத்துத்தான் சாப்பிடுவார்கள். பாட்டில் அத்தனை அழகாக இருந்தது. முதலாளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதல் சரக்கு கடைகளுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் கொள்முதல்காரர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசை மேல் வைத்தார்.

“மேடம், இது என்னன்னு தெரியுதா?”

“ஜாம்” என்றேன்.

“செர்பியர் ஊர்ல இதை ஜாம்னு சொல்லல. குரோவாசியக் கொடியை எங்க ஊர்க் கடையில வச்சு விக்கறியான்னு மேனேஜரைப் பிடிச்சு உலுக்கியிருக்காங்க.”

சிவப்பு வெள்ளைக் கட்டம். குரோவாசியர்களின் கொடி நடுவில் இருக்கும் அதே கட்டம். சண்டைக் காலத்தில் அதைச் சீருடையில் குத்திக்கொண்டு வந்தவர்களை யாரும் மறக்கவில்லை. எதைப் போடக்கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள் நெவென்கா, அவளுக்கு இது கண்ணில் படவில்லை. எனக்கும் படவில்லை. அந்த முற்றத்து நினைப்பில் இருக்கும்போது அவளுக்கு அதெல்லாம் மறந்துபோகும், அவ்வளவுதான்.

ஸ்தோயாவிடம் சொன்னபோது அவள் குதித்தாள். “அது எங்க வீட்டு மேசைத் துணிடி! அதுல எண்ணெய்க் கறை வேற இருக்கு! அதையா கொடிங்கறானுங்க?”

“உன் ஊர்க்காரனுங்கதான் சொன்னானுங்க” என்று மாந்தா சிரித்தாள். “உன் வீட்டுக்குள்ள கொடியை வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா எங்களுக்குச் சோறு போட்டிருக்க. நீதான் உளவாளி.”

ஹஸ்னியா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

கட்டத்தை எடுத்தாயிற்று. நீலக் கட்டம் போட்டால் அதற்கும் ஒருவர் முகம் சுளித்தார். பிளம்ஸ் பூ வரைந்தால் லில்லி மாதிரி இருக்கிறது என்றார்கள். இலையின் பச்சையைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்துக் குறைத்துக் கடைசியில் பழுப்புக் காகிதத்தில் கருநீலமாக ஒரு உருண்டை மட்டும் நின்றது. கொள்முதல்காரர் அதைக் கடைகளில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தார். பாவம், நல்ல மனிதர்தான்.

“இதுக்கு ஒரு புகார்கூட வரல மேடம்.”

“அப்பாடா” என்றாள் நெவென்கா.

“வாங்கவும் ஒருத்தரும் வரல. எடுத்துப் பாக்கறாங்க, யாரோடதுன்னு தெரியாம திரும்ப வச்சுடறாங்க. இப்படியே போனா இந்த சீசனோட நிறுத்திக்கணும்.”

நெவென்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அலுத்துப்போயிருந்தாள். அந்த ஜாமுக்கு மட்டும் பதினோரு லேபிள் போட்டிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“அப்ப மூணு போட்டுடுங்க. ஆளுக்கொண்ணு. அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்க கொடி. எக்கேடு கெட்டாவது போங்க.”

எரிச்சலில் சொன்னது அது. சத்தியமாக எரிச்சலில் சொன்னது. அந்த மனிதரோ எழுந்து நின்றுவிட்டார்.

“மேடம், இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்டா நின்றுவிடும். அண்டாவைக் காப்பாற்றத்தான் அவள் அந்த மூன்றையும் செய்தாள். ஒன்றில் பழைய கட்டம், மாந்தாவின் பெயர். இன்னொன்றில் சிரிலிக் எழுத்து, ஸ்தோயாவின் பெயர், ஒரு மடாலயத்தின் கோபுரம். மூன்றாவதில் பச்சைக் கரை, வெள்ளை மினார், ஹஸ்னியாவின் பெயர். உள்ளே ஒரே ஜாம், ஒரே அண்டா.

விற்றது. அடேயப்பா, அப்படி விற்றது. அந்தக் குளிர்காலத்தில் மாந்தாவின் அடுக்களையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து லேபிள் ஒட்டினார்கள், நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஒரே சிரிப்பு.

“இந்தா, இவன் இன்னும் மதம் மாறல” என்று வெறும் பாட்டிலை ஹஸ்னியா பக்கம் தள்ளுவாள் ஸ்தோயா.

“குடு, கலிமா சொல்லி அனுப்பறேன்” என்பாள் ஹஸ்னியா.

“எனக்குப் பத்து குறையுது, உன்னுதுல இருந்து பத்து பேரை ஞானஸ்நானத்துக்கு அனுப்பு” என்பாள் மாந்தா.

நெவென்காவும் சிரித்தாள். ஆனால் கடையில் ஒரு நாள் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதை அவள் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னபோது சிரிப்பில்லை. “நம்மளோடதுதான் கெட்டியா இருக்கு, அவங்களோடது தண்ணி” என்றாளாம் ஒருத்தி. இன்னொருத்தி, “அவங்க சர்க்கரை போட்டு ஏமாத்தறாங்க” என்றாளாம்.

“போய்த் தொலையட்டும், வாங்கறாங்கல்ல” என்றேன் நான்.

“வாங்கறாங்க” என்றாள்.

அடுத்த செப்டம்பரில் ஹஸ்னியா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். பச்சை லேபிளைப் பார்த்து வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம், மாந்தாவின் முற்றத்தில் கிண்டுவது என்றால் அதே அண்டாவில்தானே பன்றிக் கொழுப்பும் உருக்குவார்கள் என்று. மாந்தா கொழுப்பு உருக்குவது நவம்பரில், அதற்கு இரும்பு அண்டா வேறே இருக்கிறது. ஹஸ்னியாவுக்கு அது தெரியாதா? பத்து வருடமாக அவளே செப்பு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல மாந்தா. கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்ல? என் பேரு போட்டிருக்கு அதுல.”

லேபிள் இல்லாமல் சந்தையில் விற்றபோது ஹஸ்னியாவின் சொந்த அக்காவே வாங்கிப் போய்ச் சாப்பிட்டாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டில் மேல் மினார் வந்த பிறகுதான் உள்ளே பன்றி இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஹஸ்னியாவுக்குத் தனி அண்டா வந்தது. அதே முற்றம், பத்தடி தள்ளி. அவளுக்குத் தனி என்றால் எங்களுக்கு ஏன் இல்லை, எங்கள் நோன்பு நாளில் நாங்களும் கொழுப்பு தொடாதவர்கள்தானே என்று ஸ்தோயா வீட்டார் சொன்னார்கள். மூன்றாவது அண்டாவும் வந்தது.

நெவென்கா ஓடினாள். அச்சகத்துச் சரக்கு வண்டியை நான் ஓட்டினேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் ஒரு காகிதத்தை வைத்திருந்தாள். புதிதாக ஒரு லேபிள் வரைந்திருந்தாள். மூவர் பெயரும் ஒன்றாக, சின்னம் எதுவும் இல்லாமல், நாலு கைகள் ஒரு துடுப்பைப் பிடித்திருப்பது மாதிரி. நல்ல படம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள்.

முற்றத்தில் மூன்று அண்டாக்களும் கொதித்துக்கொண்டிருந்தன. சண்டை ஒன்றும் இல்லை. காபிப் பாத்திரம் ஒன்றுதான், அது அண்டாவுக்கு அண்டா நகர்ந்துகொண்டிருந்தது. மாந்தா காகிதத்தை வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ரொம்ப அழகா இருக்கு நெவென்கா.”

“இதைப் போடலாம் மாந்தா. எல்லாத்தையும் எடுத்துட்டு இது ஒண்ணைப் போடலாம். பழையபடி ஒரே அண்டாவுல.”

“இதை யாரு வாங்குவா?”

நெவென்கா காகிதத்தில் இருந்த துடுப்பை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“நீ போட்டுக் குடுத்ததுதான் எங்களுக்குச் சோறு போடுது” என்றாள் மாந்தா. குத்திக்காட்டவில்லை, நன்றியாகத்தான் சொன்னாள். காகிதத்தை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். “வந்துட்ட, சும்மா நிக்காத. கை குடு. எந்த அண்டாவுக்கு வர?”

நெவென்கா அவளையே பார்த்தாள். புரியாத மாதிரி.

“என்ன கேள்வி இது?” என்று ஹஸ்னியா தன் துடுப்பை நீட்டினாள். “அவங்கம்மா எங்க வீட்டுப் பொண்ணு. இங்க வாடி கண்ணு.”

“அப்பா யாரு? எங்க ஆளுதானே? அவரு வழிதான் வழி” என்றாள் மாந்தா.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் ஸ்தோயா. “வாக்கப்பட்டது எங்க ஊருக்கு. புருஷனைப் புதைச்சது எங்க கல்லறையில. மருமக எங்களுக்குத்தான்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று துடுப்புகளும் நீண்டிருந்தன, நுனியிலிருந்து ஜாம் சொட்டிக்கொண்டிருந்தது. பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த மூன்று அண்டாக்களையும் எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

“முதுகு வலிக்குது” என்றாள் நெவென்கா. “இன்னைக்குக் கிண்டல.”

அங்கே போனால் அவளுக்கு முதுகு வலித்ததே கிடையாது. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நான் விடைபெற்று, ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டு, காபிக்கு மறுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன். ஆற்றுப் பாலத்தில் ஏறினோம்.

“எல்லாரும் ஆசையாத்தான கூப்பிட்டாங்க?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள்.

பிறகு அழுதாள். கணவரின் அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அந்த வருட முடிவில் மூன்று பெண்களும் தனித்தனியாக மூன்று ஆர்டர் கொடுத்தார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். மூன்றையும் நெவென்காதான் செய்தாள், ஒரு குறை இல்லாமல் செய்தாள். சனிக்கிழமைகளில் இப்போது வீட்டிலேயே இருக்கிறாள். நான் போனால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காபி போடுவாள். அந்த முற்றத்துக்கு ஒரு தடவை போய்வா என்று எனக்குச் சொல்லத் தோன்றும். சொல்வதில்லை. போய் எங்கே நிற்கச் சொல்வேன்?